சந்தனம் என்று பெயர் பெற்ற சித்திர ஆசிரியை



பரிசளிப்பு விழா மலர் என்றால் ஒரு பெரியவரின் வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். பெரும்பாலும் அவர் நாட்டை ஆண்டவராக இருப்பார். இல்லையென்றால் போராடிச் சிறை சென்றவராக இருப்பார். இம்முறை ஒரு சித்திர ஆசிரியையின் வரலாற்றைப் படியுங்களேன். அவர் தமிழரல்லர், சீனப் பெண்மணி. பிறந்த மண்ணை விட்டு நம் மண்ணுக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே கண்ணை மூடியவர். பெயர் ஜோர்ஜெட் சென்.

"சித்திரமா? அது சோறு போடுமா, வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழத்தான் செய்கிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, வாளி சுமந்து பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பங்களில் இந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அந்த அம்மையாரின் வீட்டாரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை!

1906-இல் பிறந்த அவருக்கு வீட்டில் இட்ட பெயர் சாங் லி யிங். தந்தையார் சீனத்துச் செகியாங் மாநிலத்தவர். பாரிஸ் மாநகரில் பழம்பொருள் வணிகம் நடத்திப் பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சீனப் புரட்சிக்கு வாரி வழங்கியவர். டாக்டர் சன் யாட் சென்னின் நெருங்கிய ஆதரவாளர். பினாங்கில் உள்ளவர்களுக்குச் சன் யாட் சென்னைத் தெரியாமல் இருக்காது. 1910-இல் அவர் அங்கே தங்கித்தான் புரட்சிக்கு ஆள் சேர்த்தார், நிதி திரட்டினார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பாரிசிலும் நியூயார்க்கிலும் ஷாங்காயிலுமாக வளர்ந்தாள், படித்தாள். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாக வந்தன. 1926-இல் நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தாள். பிறகு மீண்டும் பாரிசுக்குப் போய் அங்குள்ள ஓவியக் கூடங்களில் பயின்றாள். பெண் ஓவியராவதில் வீட்டாருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. அவள் விடவில்லை. 1930-இல், பாரிசில் ஆண்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற இலையுதிர்கால ஓவியக் காட்சியில் அவள் படத்தை ஏற்றுக்கொண்டார்கள். அப்போது வயது 24.

அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. கணவர் யூஜின் சென். இவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இவர் பிறந்தது சீனாவில் அல்ல. மேற்கிந்தியத் தீவாகிய டிரினிடாட்டில். ஆம், 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து நம் சனங்களைக் கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேற்றிக் கொண்டு போனார்களே, சென்னையிலிருந்தும் ஏற்றினார்களே, அதே டிரினிடாட்தான். அங்கே வழக்கறிஞராக இருந்துவிட்டு, புரட்சி நடந்ததும் சீனாவுக்குப் போனவர். சீனமொழி சரியாகப் பேசவராத இவர்தான் சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்து, 1927-இல் ஹாங்காவ் நகரத்தில் பிரிட்டிஷார் வைத்திருந்த குடியிருப்புப் பகுதியைப் பேசியே திரும்ப வாங்கினார். மனைவியைவிட 28 வயது மூத்தவர்.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்த இடம் வெல்லக்கட்டி மாதிரி. பணக்காரத் தந்தை, புகழ்பெற்ற கணவர், பாரிஸ் நகரம்! ஜோர்ஜெட் சென்னைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பக்கத்தை இதற்கே செலவழித்துவிடுகிறார்கள். என் எண்ணத்தில் இதெல்லாம் முன்னுரைதான். அந்த அம்மையாரின் உண்மையான வரலாறு, இதெல்லாம் கைவிட்டுப் போன பிறகுதான் தொடங்குகிறது.

கைவிட்டுப் போனது எப்படி? சண்டையால்தான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ஹாங்காங்கைப் பிடித்தான். கணவனும் மனைவியும் அப்போது அங்கே இருந்தார்கள். இருவரையும் பிடித்து, பின்னர் ஷாங்காய்க்குக் கொண்டுபோய் வீட்டுக்காவலில் வைத்தார்கள். ஜப்பானியர் அமைத்த பொம்மை அரசாங்கத்தில் சேரும்படி யூஜின் சென்னை வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். காவலிலேயே 1944 மே மாதத்தில் இறந்தும் போனார். நம் தாத்தாமார்களைத் தோட்டத்திலிருந்து பிடித்துப்போய்ச் சயாம் ரயில்பாதைக்குப் பலி கொடுத்த அதே ஆண்டுகள் அவை. லயத்து மனிதரையும் அமைச்சரையும் அந்தச் சண்டை ஒரே தராசில்தான் நிறுத்தது.

காவலில் இருந்தபோதும் அம்மையார் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. சண்டை ஓய்ந்தபின், 1946 வாக்கில், தம்மையே ஒரு படமாக வரைந்தார். நீளம் 22.5 சென்டிமீட்டர், அகலம் 17.5 சென்டிமீட்டர். மாணவர்களே, உங்கள் நோட்டுப்புத்தகத்தின் அளவுதான்! கழுத்துயர்ந்த சீன உடை, வளைந்த புருவம், நேராகப் பார்க்கும் பார்வை. அழுத முகம் இல்லை, சிரித்த முகமும் இல்லை. நாடும் போய்த் துணையும் போன ஒருத்தி, "சரி, இனி என்ன?" என்று கேட்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. சிங்கப்பூரின் கலைச் செல்வங்களில் மிகவும் அறியப்பட்ட முகங்களில் இந்தச் சின்னப் படமும் ஒன்று.

1947-இல் நியூயார்க்கில் மறுமணம். 1949-இல் மீண்டும் பாரிஸ். 1951-இல் கணவருடன் பினாங்குக்கு வந்து சேர்ந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை, 1953-இல் முறிந்துபோயிற்று. அதைப் பற்றி மேலும் சொல்ல நமக்கு வேலையில்லை.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயது 45-ஐத் தாண்டிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. பிறந்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. பாரிசுக்கே திரும்பிப் போயிருக்கலாம். மொழி தெரியும், ஊர் பழகிய ஊர். அவர் போகவில்லை. பினாங்கில் ஹான் சியாங் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். பிறகு சிங்கப்பூருக்கு வந்து, 1954-இல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பகுதிநேர ஆசிரியையாகச் சேர்ந்தார். 1980 வரை அங்கே கற்பித்தார். 26 ஆண்டுகள்! அமைச்சரின் மனைவியாக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக் காலம் அவர் ஆசிரியையாக இருந்திருக்கிறார். "சோறு போடுமா?" என்று கேட்டீர்களே, படம் விற்றால் உண்டு, விற்காவிட்டால் இல்லை. வகுப்பறை அப்படியல்ல.

அந்தக் கழகத்தின் கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே. அதை 1938-இல் தொடங்கியவர் லிம் ஹாக் தாய். அவரும் சண்டைக்குத் தப்பிச் சீனாவிலிருந்து வந்தவர்தான். ஜப்பானியர் காலத்தில் மூடிக்கிடந்த கழகம் 1946-இல் மீண்டும் திறந்தது. "நன்யாங்" என்றால் சீனமொழியில் தென்கடல் என்று பொருள்; அதாவது நம் பகுதி. லிம் ஹாக் தாய் தம் மாணவர்களிடம் வலியுறுத்தியது ஒன்றுண்டு: இந்த மண்ணில் இருந்துகொண்டு சீனத்து மலையையும் மூங்கிலையும் மட்டுமே வரைந்துகொண்டிருக்காதே, இங்கே கண்ணெதிரில் இருப்பதை வரை. ஐரோப்பிய முறையும் சீன முறையும் தெரிந்த ஓவியர்கள் அங்கே ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். கம்போங், படகு, பாசார், தென்னை, மீனவர் எல்லாம் படத்துக்குள் வந்தன. ஜோர்ஜெட் சென்னுக்கு அது ஏற்ற இடமாக அமைந்தது. அந்த முன்னோடி ஓவியர் வரிசையில் பெயர் பெற்ற ஒரே பெண்மணி அவர்தான்.

இது எவ்வளவு பெரிய செய்தி என்பது நம் பிள்ளைகளின் சித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். வீடு வரையச் சொன்னால் கூரைமேல் புகைபோக்கி வைத்த வீட்டை வரைவான். நம் நாட்டில் எந்த வீட்டில் ஐயா குளிருக்குக் கணப்பு மூட்டுகிறார்கள்? பழம் வரை என்றால் ஆப்பிள். அவன் வீட்டு வாசலில் ரம்புத்தான் காய்த்துத் தொங்கும்! பிள்ளைமேல் குற்றமில்லை. படம் என்றால் அது வேறு ஊரில்தான் இருக்கும் என்று புத்தகமும் நாட்காட்டியும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன.

ஜோர்ஜெட் சென்னும் பாரிசில் இருந்தபோது ஆப்பிளை வரைந்தவர்தான். அங்கே அதுதான் பாசாரில் கிடைக்கும். இங்கே வந்தபின் அவர் மேசைக்கு ரம்புத்தான் வந்தது, மங்குஸ்தீன் வந்தது, டுரியான் வந்தது. 1965-இல் வரைந்த படம் ஒன்றுக்கு "இனிப்பு ரம்புத்தான்" என்றே பெயர். 1969-இல் வரைந்ததற்கு "வெப்பமண்டலப் பழங்கள்". விழாக்காலத்து நிலாப்பணியாரங்கள் அடுக்கிய மேசையையும் வரைந்தார்.

பழத்தை வரைவது சும்மா என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நேரில் பார்த்து வரைகிறவர். எண்ணெய் வண்ணம் குழைத்துக் கித்தான் துணியில் தீட்டுவது அவர் முறை. (கித்தா அல்ல, பாட்டி! கித்தான், முரட்டுத் துணி.) எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்கில் ஆகும். ரம்புத்தானோ பறித்த இரண்டாம் மூன்றாம் நாளே முடி கறுத்துச் சுருண்டுவிடும். வண்ணம் காய்வதற்குள் பழம் வாடிவிடும். ஆகவே கண்ணும் கையும் ஓடவேண்டும். வெளியே போய் வரைந்தாலோ, வெயில் இன்னொரு சோதனை. பாரிஸ் வெயில் சாய்ந்து விழும் வெயில், மெதுவாக நகரும். நம் ஊர் உச்சி வெயில் நிறத்தையெல்லாம் வெளுக்கடித்துவிடும். சாயங்காலம் ஏழு மணி தாண்டியதும் படக்கென்று இருட்டிவிடும். பச்சை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வாழையிலைப் பச்சை வேறு, பால்மரத்துத் தளிரின் பச்சை வேறு, மழை பெய்து ஓய்ந்த லாலான் புல்லின் பச்சை வேறு அல்லவா? குளிர்நாட்டில் பழகிய கண் இதையெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும். அந்தப் படிப்பை 45 வயதுக்குமேல் அந்த அம்மையார் படித்தார்.

படித்தது பச்சையை மட்டுமல்ல. மலாய்மொழியும் படித்தார். அது ஒரு காலம். 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. 1959-இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. தேசிய மொழி படிக்க ஊரெல்லாம் வகுப்புகள் நடந்தன. அதே 1959-இல் சுவா மியா டீ என்ற ஓவியர் "தேசிய மொழி வகுப்பு" என்று ஒரு படம் வரைந்தார். மேசையைச் சுற்றி மாணவர்கள், கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: "சியாப்பா நாமா காமு? டி மானா அவாக் திங்கால்?" உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்பது தமிழில். சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முதல் பாடந்தான். ஆனால் கப்பலில் வந்திறங்கிய குடும்பத்தாருக்கு அந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்வது அவ்வளவு லேசா, சொல்லுங்கள்? அந்த ஓவியரும் சீனாவில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே சிங்கப்பூருக்கு வந்தவர்.

ஜோர்ஜெட் சென் மலாய் படித்தபோது அவருக்கு ஒரு மலாய்ப் பெயரும் கிடைத்தது: செண்டானா. அவருடைய "சென்" அதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். செண்டானா என்றால் என்ன தெரியுமா? சந்தனம்! வடமொழியிலிருந்து மலாய்க்குப் போன சொல் அது. நம் சந்தனமும் அதே குடும்பம். சீனத்தில் வேர்விட்டு, பாரிசில் வளர்ந்து, டிரினிடாட்டுக்காரரை மணந்த ஒரு பெண், கடைசியில் நம் வீட்டுத் தாம்பாளத்தில் இருக்கும் ஒரு பெயருக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு இதை நினைக்க நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

மொழி தெரிந்தபின் முகங்கள் நெருங்கிவந்தன. 1957-இல் கோலாலம்பூர்ப் பள்ளிவாசலை வரைந்தவர், 1961-இல் கிழக்குக்கரை வியாபாரியையும் 1962-இல் ஒரு மலாய்த் திருமணத்தையும் வரைந்தார். சாத்தே விற்கும் பையன் ஒருவனும் அவர் படத்தில் இருக்கிறான். இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1963-இல் வரைந்த "ரொஹானி". ரொஹானி அவருடைய மாணவி. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி வரைந்தால் "மலாய்ப் பெண்" என்று தலைப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இங்கே அவள் பெயரே தலைப்பு. ஆசிரியர் மாணவரைப் பார்க்கும் பார்வை அது. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிப் பழகிய கைக்குத்தான் அது வரும் என்று, நான் ஒரு வாத்தியார் என்பதால் சொல்லிக்கொள்கிறேன்.

சுவரில் மாட்டிய படத்தை எல்லோரும் பார்க்கலாம். வகுப்பறையில் செய்த வேலையை எங்கே மாட்டுவது? மாணவரிடத்தில்தான் பார்க்கவேண்டும். இங் எங் டெங் என்றொரு மாணவர். ஓவியம் படிக்கத்தான் கழகத்துக்கு வந்தார். ஜோர்ஜெட் சென்னிடமும் படித்தார். ஆனால் அவர் மனம் களிமண்ணிலும் சிலையிலும் போயிற்று. சிங்கப்பூரின் மிகப்பெரிய சிற்பிகளில் ஒருவராக உயர்ந்தார். ஆர்ச்சர்ட் சாலையில் 1980-இல் எழுந்த தாயும் சேயும் சிலை அவர் செய்ததே. அந்நாட்டின் உயர்ந்த கலை விருதாகிய கலாசாரப் பதக்கம் அவருக்கு 1981-இல் கிடைத்தது. ஆசிரியைக்கு? 1982-இல்! மாணவருக்கு ஓராண்டு கழித்து. இதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பரிசு வேண்டும்!

நம் பக்கத்திலிருந்தும் அந்தக் கழகத்துக்குப் போய்ப் படித்தவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானில் பிறந்த லாய் ஃபூங் மோய் என்ற பெண்மணி அங்கே படித்து, 1954-இல் பாரிசுக்கு மேற்படிப்புக்குப் போய், திரும்பிவந்து அதே கழகத்தில் கற்பித்தார். மலாக்காவில் பிறந்த சுங் சென் சன் அங்கே படித்தவரே. 1967-இல் கோலாலம்பூரில் மலேசியக் கலைக்கழகத்தைத் தொடங்கினார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடம் முளைத்த கதை இது.

கடைசிக் காலம் அம்மையாருக்குச் சுகமாக அமையவில்லை. முடக்குவாதம் வந்து மூட்டுகளைப் பிடித்துக்கொண்டது. 1980-களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே இருந்தார். 1985-இல் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் தேசிய அரும்பொருளகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். 1993 மார்ச் 15-இல் காலமானார், வயது 86.

அவர் சிக்லாப்பில் ஒரு வீட்டில் தனியாகக் குடியிருந்தவர். இறந்தபின் அந்த வீட்டில் இருந்த 53 ஓவியங்கள் 1994-இல் சிங்கப்பூர் அரும்பொருளகத்துக்கு வழங்கப்பட்டன. வீடும் மற்றச் சொத்துகளும் பணமாக்கப்பட்டன. அந்தப் பணம் எங்கே போயிற்று தெரியுமா? ஒரு பகுதி ஓவியம் படிக்கும் பிள்ளைகளின் உபகாரச் சம்பளத்துக்கு. இன்னொரு பகுதி மலாய்ச் சமூகத்தின் நலப்பணிகளுக்கு. செண்டானா என்ற பெயரை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 2020-இல் சிங்கப்பூர் தேசிய ஓவியக்கூடம் அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், "உலகமே வீடாக".

இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்போங்கையும் படகையும் பாசாரையும் வரைந்த கைகள் பல. பால்மரத் தோட்டத்தை, அதிகாலை இருட்டில் நெற்றி விளக்கோடு நடந்த நம் தாய்மாரை, ஆயாக்கொட்டகையை, ஒட்டுப்பால் நாறும் வாளியை, மாரியம்மன் கோவில் திருவிழாவை உள்ளிருந்து வரைந்த கைகள் மிகக் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, வீடமைப்புப் பகுதியாகிக்கொண்டே வந்திருக்கின்றன. லயங்கள் இடிந்த இடத்தில் பலகைகூடக் கிடைப்பதில்லை. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதில் வாழ்ந்தவர்கள் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பேரப்பிள்ளை பென்சிலோடு வந்து "தாத்தா, வாளி எப்படி இருக்கும்? கத்தியை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டால், உட்காரவைத்துச் சொல்லிக் கொடுங்கள், பிடித்தும் காட்டுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரம்புத்தான் பருவத்தில் உங்கள் பிள்ளை ஒரு கொத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு வண்ணப் பெட்டியைத் திறந்தால், "தின்னாமல் அதை ஏன்டா முறைச்சுப் பார்க்கிறே?" என்று அதட்டாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து உரித்துத் தின்னலாம்.